நடைக்கு அரை லிட்டர் ஆயில்: ஒரு பழைய பிக்கப்பின் நிகழ்வு ஆய்வு

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு லோடு அடிக்கும் வண்டி அது. 2011 மாடல் பிக்கப், இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ டீசல். மீட்டரில் 2,87,000 கிலோமீட்டர். ஓட்டுகிற தம்பிதான் உரிமையாளர். என் பட்டறைக்கு வந்தபோது சீட்டுக்குப் பின்னால் ஐந்து லிட்டர் ஆயில் கேன் இருந்தது. அது அங்கே குடியேறி ஒரு வருடம் ஆகிவிட்டது என்றார்.

“அண்ணே, ரெண்டு நடைக்கு ஒரு லிட்டர் ஊத்துறேங்க. ஒருத்தர் டர்போ போச்சுன்னார், அதோட உள்பாகமான கோர் மாத்தியாச்சு, ஒண்ணும் கொறையல. இன்னொருத்தர் சிலிண்டர் போர் தேஞ்சிருச்சு, முழு இன்ஜின் வேலைங்கிறார். எண்பத்தஞ்சாயிரம் சொல்றார்.”

போக வர ஒரு நடை ஏறக்குறைய 280 கிலோமீட்டர். ஆக 560 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், 1,000 கிலோமீட்டருக்கு 1.8 லிட்டர். இது உண்மையிலேயே அதிகம். ஆனால் டர்போவுக்குக் கொடுத்த பணம் யாரோ ஊகித்ததால் போன பணம். அடுத்த செலவும் அப்படிப் போகக்கூடாது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எனவே அன்று எதையும் கழற்றவில்லை.

முதலில் அளவு

இன்ஜினை அடியோடு கழுவிக் காய வைத்தோம். ஒரு நடை போய் வந்த பிறகு அடியில் படுத்துப் பார்த்தேன். பின்பக்க கிராங் சீல் ஓரம் லேசான ஈரம், வால்வ் கவர் பேக்கிங்கில் கொஞ்சம் கசிவு. நின்ற இடத்தில் நாலு சொட்டு விழும் அளவுகூட இல்லை. வெளியே ஒழுகி இவ்வளவு ஆயில் போகவில்லை என்பது உறுதியானது. ரேடியேட்டர் தண்ணீரிலும் ஆயில் படலம் இல்லை.

டீசல் வண்டிகளில் பலர் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும் வாக்கம் பம்ப். பிரேக் பூஸ்டருக்கு வாக்கம் கொடுக்கும் அந்தப் பம்புக்கு இன்ஜின் ஆயில்தான் போய் வருகிறது. அதன் சீல் போனால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கும், அல்லது பூஸ்டர் ஹோஸ் வழியாகப் போகும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. பூஸ்டர் ஹோஸைக் கழற்றி வெள்ளைத் துணியை விட்டு எடுத்தேன். சுத்தமாக வந்தது. சரி, அதுவும் இல்லை.

டிப்ஸ்டிக்கைப் பார்த்தபோதுதான் முதல் துப்பு கிடைத்தது. மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலம் ஆயில் நின்றது. “வழியில கொறஞ்சிட்டா என்ன பண்றதுன்னு எப்பவும் அரை லிட்டர் கூடவே ஊத்தி வெச்சிருவேங்க” என்றார். பயந்து செய்த வேலை, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றால், சுற்றும் கிராங் அதை அடித்துக் கலக்கும். நுரையும் தெறிப்பும் அதிகமாகும். போர் சுவரில் தேவைக்கு மேல் ஆயில் படும், மிச்சம் ஆவியோடு, இன்ஜின் மூச்சு விடும் ப்ரீதர் குழாய் வழியாக வெளியேறும். கூடுதலாக ஊற்றும் அரை லிட்டர் பத்திரமாக உள்ளே இருப்பதில்லை, அதுதான் முதலில் காணாமல் போகிறது.

கூடுதல் ஆயிலை இறக்கிவிட்டு மேல் கோட்டுக்குச் சரியாக நிறுத்தினேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் சமதளமான ஓர் இடத்தைக் காட்டி, “இனிமேல் அளவு பார்ப்பது இங்கே மட்டும், இன்ஜின் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மட்டும்” என்று சொன்னேன். நடுவில் ஊற்றக்கூடாது. கீழ்க் கோட்டுக்கு வந்தால் மட்டும் போன் செய்யச் சொன்னேன். மூன்று நடை, 840 கிலோமீட்டர் ஓடி வந்தார். அளவுக் குவளையால் மேல் கோடு வரை நிரப்பியதில் 1.05 லிட்டர் போனது. அதாவது 1,000 கிலோமீட்டருக்கு 1.25 லிட்டர். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் 1.8 என்பது 1.25 ஆனது.

மிச்சம் இருந்த 1.25-தான் உண்மையான நோய். டீசல் வண்டியில் நான் ஆயில் செலவை டீசலோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பேன், லோடும் ஏற்றமும் அதில் தானாக அடங்கிவிடும். வண்டி லிட்டருக்குப் பதினொன்று கொடுக்கிறது, 840 கிலோமீட்டருக்கு 76 லிட்டர் டீசல். அதில் 1.05 லிட்டர் ஆயில் என்றால் 1.4 விழுக்காடு. நல்ல இன்ஜினில் இது 0.3-க்குள் இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

டர்போ மீது விழுந்த பழி

டர்போவைக் குற்றம் சாட்டியவர் எதைப் பார்த்திருப்பார் என்பது புரிந்தது. இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில் வழிந்திருந்தது. டர்போவிலிருந்து வெளியே வரும் குழாயில் ஆயில் இருந்தால் டர்போ சீல் போச்சு என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். ஆனால் டர்போவுக்குள் காற்று நுழையும் குழாயையும் கழற்றிப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் அதுவும் ஈரமாக இருந்தது. ஏர் பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில்தான் ப்ரீதர் ஹோஸ் வந்து சேர்கிறது. அந்த இடத்திலிருந்து ஈரம் ஆரம்பித்தால், ஆயிலைக் கொண்டுவருவது ப்ரீதர்தான். டர்போ வெறுமனே அதை வாங்கி அந்தப் பக்கம் தள்ளுகிறது. புது கோரின் ஷாப்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். முன்பின் ஆட்டம் இல்லை. நல்ல பொருள், அதற்கு அங்கே வேலைதான் இல்லை.

ப்ரீதர் ஹோஸுக்கு நடுவில் ஒரு பாட்டிலை வைத்து ஒரு நடை அனுப்பினேன். திரும்பி வந்தபோது பாட்டிலில் 90 மில்லி இருந்தது. ஒரு நடைக்கு மொத்தம் 350 மில்லி குறைகிறது, அதில் 90 ப்ரீதரில் போகிறது. மீதி நேராக எரிகிறது. ஆயில் மூடியைத் தளர்த்தி வைத்தால் அது துள்ளியது, பேக் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் அழுத்தம், கொஞ்சம் இருந்தது. ஆயிலைப் பிரித்துத் திருப்பி இறக்கும் செபரேட்டரின் கீழ்க் குழாய் கறுப்புக் கசடால் பாதி அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்தால் ப்ரீதரில் போவது குறையும். ஆனால் எரிகிற பங்கு அப்படியே நிற்கும்.

எரிவது என்றால் மேலே இருக்கும் வால்வ் சீல் வழியா, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் வழியா? பெட்ரோல் வண்டிக்காரர்கள் சொல்லும் ஒரு சோதனை உண்டு. நீண்ட இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கி, பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தால் நீலப் புகை வந்தால் வால்வ் சீல் என்பார்கள். பெட்ரோலில் அது பொருந்தும், அங்கே த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக்கில் பலத்த வாக்கம் உருவாகி, வால்வ் தண்டு ஓடும் கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். இந்த டீசலில் காற்றை அடைக்கும் தட்டே கிடையாது. அந்த அளவு வாக்கமும் வராது. எனவே அந்தச் சோதனையை இதில் அப்படியே நம்ப முடியாது. வால்வ் சீல் போயிருந்தால் இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு குப்பென்ற நீலப் புகை வர வேண்டும். இரண்டு நாள் காலை ஐந்து மணிக்கு அவர் வீட்டு வாசலிலேயே நின்று பார்த்தேன். பெரிதாக இல்லை. ஆனால் லோடோடு ஏற்றத்தில் ஏறும்போது கண்ணாடியில் நீலம் தெளிவாகத் தெரிந்தது. கை ரிங் பக்கம்தான் நீண்டது.

கம்ப்ரெஷன் சொன்னதும் சொல்லாததும்

குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக் துளைகளில் மானியைப் பொருத்திக் கம்ப்ரெஷன் எடுத்தோம். 26, 27, 23, 26 பார். மூன்றாவது கொஞ்சம் இறங்கியிருந்தாலும் இந்த வயதுக்கு இதைக் கெட்ட இன்ஜின் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கம்ப்ரெஷன் நன்றாக இருந்தால் ரிங் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கம்ப்ரெஷனைப் பிடித்து வைப்பது மேலே இருக்கும் இரண்டு ரிங். சுவரில் இருக்கும் ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது மூன்றாவதான ஆயில் ரிங். அந்த ஆயில் ரிங் தன் பள்ளத்துக்குள் கரியால் இறுகிப்போனால் வழிக்க முடியாது, ஆனால் கம்ப்ரெஷன் மானிக்கு அது தெரியவே தெரியாது. வண்டி இழுவை குறையாமல் ஓடிக்கொண்டே ஆயில் குடிக்கும். இந்த வண்டி அப்படித்தான் இருந்தது. இழுவையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

வெட் டெஸ்ட் என்று சிலிண்டரில் ஆயில் விட்டு மறுபடி அளக்கும் பழக்கத்தை டீசலில் நான் செய்வதில்லை. மேலே மிஞ்சும் இடம் மிகச் சிறியது, அதில் கொஞ்சம் ஆயில் நின்றாலே அளவு பொய்யாக ஏறிவிடும். பதிலாகக் கம்ப்ரெசர் காற்றை உள்ளே விட்டு எவ்வளவு கசிகிறது என்று பார்த்தோம். ஒன்று, இரண்டு, நான்கில் 10 முதல் 14 விழுக்காடு. மூன்றாவதில் 30. டிப்ஸ்டிக் துளையில் காது வைத்தால் புஸ்ஸென்ற சத்தம். சைலன்சரிலும் இன்டேக்கிலும் சத்தம் இல்லை, அதனால் வால்வ் நன்றாகவே உட்காருகிறது.

கடைசியாகப் போனில் மாட்டும் சின்ன கேமரா. ஹீட்டர் பிளக் துளை வழியாக உள்ளே விட்டபோது, நான்கு போரிலும் ஹோனிங் கல் விட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் இருந்தன. முதல் மூன்று போர்களில் அவை நன்றாகவே தெரிந்தன, நான்காவது போரில் மங்கலாக. மூன்றாவது பிஸ்டனின் தலையில் நடுவில் கரி, ஓரத்தைச் சுற்றி மட்டும் கரியே இல்லாமல் ஈரப் பளபளப்பு. ரிங்கைத் தாண்டி ஆயில் மேலே ஏறி ஓரத்தைக் கழுவிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. போர் தேய்ந்திருந்தால் குறுக்குக் கோடுகள் இருந்திருக்காது. ஆக, போர் போகவில்லை, ரிங் சிக்கியிருக்கிறது. ரீபோர் அடித்து அடுத்த சைஸ் பிஸ்டன் போடும் எண்பத்தைந்தாயிரம் ரூபாய் வேலைக்கு இங்கே காரணமே இல்லை.

ஊற வைத்துப் பார்த்தோம்

ரிங்கில் கரி சிக்குவது நம்மூர் வண்டிகளுக்கு மட்டும் வரும் நோய் அல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று, சில்வராடோ போன்ற பிக்கப்களில் இருந்தது, இதற்காகவே நீதிமன்றம் வரை போனது. அதில் லோடு குறைவாக இருக்கும்போது நான்கு சிலிண்டர் வேலையை நிறுத்தும் ஏற்பாடு உண்டு. அந்தச் சமயத்தில் ஒரு வால்விலிருந்து கிராங் அறைக்குள் ஆயில் பீய்ச்சப்பட்டு, ஆயில் ரிங் வழிக்க முடியாத அளவுக்குப் போர் சுவரில் சேர்ந்து, எரிந்து, ரிங்கில் கரியாகப் படிந்தது. 2022 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜூரி 10.26 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எனக்கு அதில் பயன்பட்டது, அந்த நிறுவனம் தன் மெக்கானிக்குகளுக்குச் சொன்ன வரிசை: முதலில் பீய்ச்சலைத் தடுக்கும் ஒரு தகடு, ப்ரீதர் மாற்றிய புது வால்வ் கவர், ரிங் சுத்தம். அதற்கும் அடங்காவிட்டால்தான் பிஸ்டனும் ரிங்கும். ஆயில் வருவதைத் தடுத்துவிட்டுத்தான் ரிங்கைத் தொட வேண்டும் என்ற அந்த முறை சரியானது.

அதே வரிசையில் போனோம். செபரேட்டரையும் ப்ரீதர் ஹோஸையும் மாற்றினோம். பிறகு கரி கரைக்கும் திரவத்தை ஹீட்டர் பிளக் துளைகள் வழியாக விட்டு ஒரு நாள் ஊற வைத்தோம். நான்கு பிஸ்டனும் பாதி உயரத்தில் ஒரே மட்டத்தில் நிற்கும்படி கிராங்கைத் திருப்பி வைத்தால் நான்கிலும் சமமாக ஊறும்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். இரண்டரை லிட்டரில் ஒரு சிலிண்டருக்கு 625 சிசி. கம்ப்ரெஷன் விகிதம் 18-க்கு 1 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 37 சிசிதான். அதைவிட அதிகமாகத் திரவம் உள்ளே நிற்கும்போது பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஊறிய பிறகு பிளக் எல்லாவற்றையும் கழற்றி வைத்தே கிராங்கைச் சுற்றி, திரவத்தை முழுக்க வெளியே தள்ள வேண்டும். கீழே இறங்கிய திரவம் ஆயிலைக் கெடுத்திருக்கும், எனவே ஆயிலையும் பில்டரையும் உடனே மாற்ற வேண்டும்.

மறுபடி மூன்று நடை. 840 கிலோமீட்டருக்கு 0.85 லிட்டர். 1.25 என்பது 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் ஆனது. அதில் பெரும் பங்கு ப்ரீதர் சரியானதால் வந்தது, ஊற வைத்ததால் வந்தது கொஞ்சம்தான் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் திறக்காமல் முடியாது என்று தம்பியிடம் சொன்னேன். இந்த முறை எதற்காகத் திறக்கிறோம் என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

திறந்தபோது

ஹெட்டையும் அடியில் இருக்கும் ஆயில் சேம்பரையும் இறக்கி, இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலே பிஸ்டன்களை மேல்வழியாக எடுத்தோம். மூன்றாவது பிஸ்டனின் ஆயில் ரிங் பள்ளத்துக்குள் அசைவில்லாமல் உட்கார்ந்திருந்தது, விரலால் தள்ளினாலும் நகரவில்லை. வழித்த ஆயில் கீழே இறங்குவதற்காகப் பள்ளத்துக்குள் இருக்கும் சின்னத் துளைகளில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. இரண்டாவது ரிங்கும் ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. மற்ற மூன்று பிஸ்டன்களில் துளைகள் பாதிக்கு மேல் அடைந்திருந்தாலும் ரிங் அசைந்தது.

ஏன் மூன்றாவது மட்டும் இப்படி? நான்கு இன்ஜெக்டரையும் பம்ப் சர்வீஸ் கடைக்கு அனுப்பினேன். மூன்றாவது நாசில் பொடிப்பொடியாகத் தூவாமல் சொட்டியது. சரியாக எரியாத டீசல் அந்தச் சிலிண்டரில் சுவரைக் கழுவி, கரியைச் சேர்த்திருக்கிறது. அதை மாற்றாமல் ரிங்கை மட்டும் மாற்றியிருந்தால் ஒரு வருடத்தில் அதே பிஸ்டன் மறுபடி சிக்கியிருக்கும்.

பொதுவான காரணம் வேறு. கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் பல ஓட்டுநர்களிடம் கேட்டிருக்கிறேன். “அதான் வாரா வாரம் புது ஆயில் ஊத்துறேனே, அப்புறம் எதுக்குங்க மாத்தணும்?” கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் எரிந்து போவது ஆயில் மட்டும். கரியும் கசடும் உள்ளேயே தங்கி, ஊற்ற ஊற்றத் தடிக்கின்றன. பில்டரும் மாறுவதில்லை. இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அப்படி ஓடியிருந்தது. ஆயில் குடிக்கிற வண்டிக்கு மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரமே ஆயில் மாற்ற வேண்டும்.

போரை டயல் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என்று அளந்தோம். அதிகபட்ச வித்தியாசம் நான்காவதில் 0.04 மில்லிமீட்டர், சர்வீஸ் புத்தகம் அனுமதிக்கும் எல்லைக்குள். பிஸ்டன்கள் நன்றாக இருந்தன, பழையதையே வைத்துக்கொண்டோம். பள்ளத்தை உடைந்த ரிங் துண்டால் சுரண்டுவது பட்டறைகளில் நடப்பதுதான். எனக்கு அதில் விருப்பமில்லை, பள்ளத்தின் ஓரத்தில் கீறல் விழுந்தால் புது ரிங் அங்கே சரியாக உட்காராது. இரவு முழுக்க ஊற வைத்து, மூங்கில் குச்சியாலும் பித்தளைப் பிரஷ்ஷாலும் எடுத்தோம். துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறக்க அரை நாள் ஆனது. இந்த முழு வேலையில் மிக முக்கியமான அரை நாள் அதுதான்.

லேசாக ஹோன் போட்ட பிறகு போரைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவினோம். டீசலால் துடைத்தால் கல்பொடி கோடுகளுக்குள் தங்கிவிடும், அது புது ரிங்கைத் தின்றுவிடும். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைக்கும்போது சாம்பல் நிறம் வராத வரை கழுவிக்கொண்டே இருந்தோம். புது ரிங்கை வெறும் போருக்குள் விட்டு, அதன் இரு நுனிகளுக்கும் நடுவிலுள்ள வாய் இடைவெளி பார்த்ததில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். மூன்றாவது பிஸ்டனின் பழைய ரிங் அதே போரில் 0.75 காட்டியது. ஆயில் ரிங்குக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் இணைப்பு, ரிங் வாய்க்கு நேர் எதிரில் இருக்க வேண்டும். மூன்று ரிங்கின் வாயும் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது. எழுத்து பொறித்த பக்கம் மேலே.

ஹெட் கீழே இருந்ததால் வால்வ் சீல்களையும் மாற்றினோம். கனெக்டிங் ராடு பேரிங் புதிது, அதே அளவு. ஹெட் கேஸ்கெட்டைப் பழையதன் துளைக்குறியைப் பார்த்து அதே தடிமனில் வாங்கினோம். டீசலில் பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்பதைப் பொறுத்து அந்தத் தடிமன் மாறும், கடையில் கொடுத்ததை மாட்டிவிடக் கூடாது. பாகங்கள், ஒரு நாசில், லேத் கூலி, ஆயில், எங்கள் கூலி எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். வண்டி நின்றது ஐந்து நாள். அவருக்கு அந்த ஐந்து நாள் வருமானம் போனதையும் செலவில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு

15டபிள்யூ-40 ஆயில் மேல் கோடு வரை, அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. முதல் 1,000 கிலோமீட்டர் பாதி லோடு, ஏற்றத்தில் பெரிய கியரில் வைத்து இழுக்காமல் கியரைக் குறைப்பது, மார்க்கெட்டில் இறக்கக் காத்திருக்கும்போது இன்ஜினை ஓட விடாமல் நிறுத்துவது. புது ரிங் போருடன் பொருந்த மிதமான லோடு வேண்டும், வெறுமனே ஐடிலில் ஓடினால் போர் பளபளப்பாகி ரிங் உட்காராமலே போய்விடும்.

அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்திருந்தேன். முதல் 1,000 கிலோமீட்டரில் 0.4 லிட்டர் குறைந்தது. அப்போது ஆயிலும் பில்டரும் மாற்றினோம். அடுத்த 1,000-ல் 0.25. ஐயாயிரத்தைத் தாண்டிய பிறகு 1,000 கிலோமீட்டருக்கு 0.15 லிட்டரில் நிற்கிறது. டீசல் கணக்கில் 0.2 விழுக்காட்டுக்கும் கீழே. ஏற்றத்தில் நீலப் புகை இல்லை. ஆயில் மாற்றும் இடைவெளியை 8,000 கிலோமீட்டராக வைத்திருக்கிறோம்.

பின்பக்க கிராங் சீலின் ஈரம் அப்படியே இருக்கிறது. அதற்காகக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் மாற்றும் நேரம் வரும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். சீட்டுக்குப் பின்னால் இருந்த கேனைப் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போனார்.